அரண்மனை அதிரசம்

வல்லையூரை ஆண்ட மன்னர் சேந்தமாறனுக்கு நல்ல மனசு. ஆனால் அந்த நல்ல மனசு உத்தரவாக மாறி, அமைச்சர் பரமானந்தரின் கையைத் தாண்டி வெளியே வரும்போது, பெற்றவருக்கே அடையாளம் தெரியாது.

ஒருமுறை மன்னர் ஊரெங்கும் முரசு அறைவித்தார். "இந்த நவராத்திரிக்கு அரண்மனைப் பலகாரம் எல்லாம் சிறு கடைகளில்தான் வாங்கப்படும். பெண்கள் நடத்தும் கடைகளுக்கே முதலிடம்!"

ஆற்றுப் படித்துறையில் அதிரசம் சுட்டு விற்ற வெள்ளையம்மாளின் காதிலும் அது விழுந்தது. புருஷனை இழந்தவள், இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவே கூப்பிடுகிறாரே என்று கறவை மாட்டை விற்றாள். பெரிய வாணலியும் மூட்டை வெல்லமும் வாங்கிப் போட்டுவிட்டு, அரண்மனைக்கு வேண்டிய பண்டங்களை வாங்கி வைக்கும் உக்கிராணத்துக்குப் போனாள்.

உக்கிராண அதிகாரி கேட்டார்: "இதற்கு முன் அரண்மனைக்குப் பலகாரம் கொடுத்திருக்கிறாயா?"

"இல்லீங்க. இப்பத்தானே கூப்பிட்டிருக்காங்க."

"முன்பு கொடுத்தவர்களிடம்தான் வாங்குவோம். அமைச்சர் போட்ட விதி."

"முன்னாடியே வாங்கியிருந்தாத்தானே சாமி, முன்னாடியே குடுத்திருக்க முடியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் யார் தெரியுமா? ஊரிலேயே பெரிய பலகார வியாபாரி அனந்தப்பன். வருஷா வருஷம் அரண்மனைக்குக் கொடுப்பவர். தன் கடைவாசலில் பெட்டி போல ஒரு சின்னக் கடையைப் போட்டு, அதில் மனைவியை உட்கார வைத்திருந்தார். பெண் நடத்தும் சிறு கடை! ஆக, இந்த வருஷமும் அவருக்கே.

அரசவைப் புலவர் மருதையன் மறுநாள் படித்துறைக்குக் குளிக்க வந்தபோது, வெள்ளையம்மாள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். "வாணலி பெருசாச்சு சாமி, பொழப்புத்தான் சின்னதாச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருதையன் நேரே அமைச்சரிடம் போனார்.

"அனந்தப்பன் கடை சிறு கடையா, அமைச்சரே?"

"பார்த்தால் தெரியவில்லையா? ஒரு ஆள் உட்காரத்தான் இடம் இருக்கிறது."

"பின்னால் கோட்டை மாதிரி கிடங்கு இருக்கிறதே!"

"உத்தரவில் கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே!"

"போகட்டும். அந்த அம்மாளுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுக்கலாமே?"

"முன் அனுபவம் இல்லாதவர் கையில் அரண்மனைக் காரியத்தை ஒப்படைப்பதா? விதி என்றால் விதி!"

மருதையன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரமே அமைச்சருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மன்னரின் தங்கை மகளைத் தன் மகன் கஜேந்திரனுக்குக் கேட்டார். மன்னருக்குச் சம்மதம்தான். இருந்தாலும் பையனைப் பற்றி விசாரித்துவர மருதையனை அனுப்பினார்.

போய் வந்த மருதையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சபையில் நின்றார்.

"என்ன புலவரே, பையன் எப்படி?"

"நல்ல பையன், அரசே. படிப்பு உண்டு, குணம் உண்டு. ஆனால் ஒரு பெரிய குறை."

அமைச்சர் துள்ளி எழுந்தார். "என் மகனுக்கா? என்ன குறை?"

"இதற்கு முன் உங்கள் மகன் எத்தனை கல்யாணம் செய்திருக்கிறார்?"

"ஒன்றுகூட இல்லை! இதுதான் முதல் கல்யாணம்!"

"அதைத்தான் சொல்கிறேன், அரசே. முன் அனுபவம் துளியும் இல்லை. அரண்மனைப் பெண்ணை எப்படி ஒப்படைப்பது?"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. "புலவரே, உமக்குப் புத்தி பிசகிவிட்டதா? முதல் கல்யாணத்துக்கு எவன் அனுபவத்தோடு வருவான்?"

"நானும் அதையே நினைத்தேன், அரசே. ஆனால் முதல் அதிரசத்துக்கு அனுபவம் கேட்கிறார்களே உங்கள் உக்கிராணத்தில்!"

மருதையன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மன்னரின் முகம் சிவந்தது. அமைச்சரின் முகம் வெளுத்தது.

உடனே வெள்ளையம்மாளுக்கு ஆள் போயிற்று. அவள் அதிரசத் தட்டோடு வந்து நீட்டினாள். மன்னர் ஓர் அதிரசம் எடுத்தார். தின்றுவிட்டு இன்னொன்றும் எடுத்தார்.

"நவராத்திரி முழுக்க இந்த அம்மாள்தான். மற்ற சிறு கடைகளையும் கூப்பிடுங்கள். அனந்தப்பன் கடையைக் கிடங்கோடு சேர்த்து அளந்து பாருங்கள். முன் அனுபவ விதி இன்றோடு ஒழிந்தது! புலவருக்கு ஒரு பட்டுச் சால்வை!"

வெள்ளையம்மாள் கும்பிட்டபடியே அழுதாள். சபை கலையும் நேரம். அமைச்சர் மெல்ல மன்னரின் அருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"அரசே... என் மகன் விஷயம்..."

மன்னர் வாய் திறப்பதற்குள் மருதையன் சால்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "இனி என்ன கவலை, அமைச்சரே? விதியைத்தான் எடுத்தாயிற்றே. உங்கள் மகன் தாராளமாக முதல் கல்யாணமே செய்துகொள்ளலாம்!"