அணில் வைத்த பலாப்பழ விருந்து

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் பழைய இலுப்பை மரம். அதன் பொந்தில் ஓர் அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. சாரல் காலத்துக்கென்று கொட்டைகளும் இலுப்பை விதைகளும் பொந்து நிறையச் சேர்த்து வைத்திருந்தது.

ஒருநாள் கொம்பன் யானைக்கு முதுகு அரித்தது. காட்டில் பாறைக்கா பஞ்சம்? அது நேரே வந்து இலுப்பை மரத்தில்தான் உரசியது. மரம் முறிந்து குளத்தில் விழுந்தது. அணில் குட்டிகளைக் கவ்விக்கொண்டு தப்பியது. சேர்த்து வைத்த தீனி முழுதும் தண்ணீரோடு போயிற்று.

குளக்கரை மரங்களில் யாரும் உரசக் கூடாது என்பது புலி ராஜாவின் சட்டம்.

"சட்டத்தை மீறிய கொம்பனுக்குப் பத்துப் பலாப்பழம் அபராதம்!" என்று சபையில் புலி உறுமியது.

யானை பழங்களைச் சுமந்துபோய் ராஜாவின் குகையில் இறக்கியது. புலி பலாப்பழம் தின்னாது. அதனால் என்ன? நரி மந்திரி தின்னும், கரடிக் காவலர்கள் தின்பார்கள்!

பாதித் தீர்ப்பைக் கேட்டதும் பறந்துவிட்ட கிளி காடெல்லாம் கத்தியது. "சேதி தெரியுமா? அணிலுக்குப் பத்துப் பலாப்பழமாம்! அடிச்சது யோகம்!"

வீடு இழந்தவருக்கு ஆளுக்கு ஒரு பிடி தீனி கொடுப்பது அந்தக் காட்டு வழக்கம். இந்த முறை ஒருவரும் கொடுக்கவில்லை.

"பத்துப் பலாவை வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு பிடி கேக்குறியே, நியாயமா?" என்றது குரங்கு.

"ஒரு சுளைகூட என் கைக்கு வரலையே, அண்ணே!"

"அபராதம் போட்டதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பொய் சொல்லாதே!"

பக்கத்தில் இருந்த முயல் பெருமூச்சு விட்டது. "அந்த யானை என் வளையையும் மிதிச்சிருக்கக் கூடாதா!"

குடியிருந்த பொந்து போனவளைப் பார்த்துப் பொறாமை! கேட்டால் வயிறு எரிகிறதா இல்லையா?

அணில் யானையிடம் போனது. "இதென்ன வம்பு? பத்துப் பழம் கொடுத்தாச்சு. மறுபடியுமா?" என்றது யானை. குகையில் இறக்கிய பழங்கள் அணிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அதுவும் நம்பிக்கொண்டிருந்தது.

அணில் புலி ராஜாவிடம் போனது.

"அபராதம் என் சட்டத்தை மீறியதற்கு. அது எனக்குச் சேரும்," என்றது புலி. "உன் நஷ்டத்துக்கு நீ கொம்பன்மேல் தனியாக வழக்குப் போடு. சாட்சி கொண்டு வா."

மரம் விழுந்ததைக் குரங்கு கண்ணால் பார்த்திருந்தது. ஆனால் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, "வாங்கினது போதாதா? பேராசைக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று சீறியது.

சாரல் பிடித்துக்கொண்டது. குட்டிகள் ஒரு தேக்கிலைக்கு அடியில் நனைந்து நடுங்கின. பசியில் கத்தக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை.

அணிலுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. முறிந்த மரத்தின் மேல் ஏறி நின்று கூவியது: "எல்லாரும் கேளுங்க! நாளைக்கு நம்ம வீட்ல பலாப்பழ விருந்து!"

மறுநாள் காடே திரண்டு வந்தது. பலாப்பிசின் ஒட்டாமலிருக்க, குரங்கு உள்ளங்கையில் எண்ணெய் கசியும் இலுப்பை விதையைத் தேய்த்துக்கொண்டே வந்தது.

தேக்கிலை ஒன்று. அடியில் இரண்டு குட்டிகள். வேறு எதுவும் இல்லை.

"பழம் எங்கே?" என்றது முயல்.

"பழுத்த பலாவை ஒளிச்சு வைக்க முடியுமா? எல்லாருக்கும் மூக்கு இருக்கே! மோந்து பாருங்க. இங்கே மணக்குதா?"

எல்லாரும் மோந்து பார்த்தார்கள். ஈர மண் வாசனைதான் வந்தது. அப்போது மேலிருந்து காற்று அடித்தது. கமகமவென்று பலா மணம்! ராஜாவின் குகைப் பக்கமிருந்து வந்தது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். குகை வாசலில் கரடிக் காவலர்கள் வாயைச் சுற்றிப் பிசினோடு நின்றார்கள்.

"இது அரசாங்கப் பழம்! கிட்டே வராதே!" என்று நரி மந்திரி உள்ளிருந்தே கத்தியது.

"உன் கையில என்ன, அண்ணே?" என்று அணில் குரங்கைக் கேட்டது.

"இதுவா? குளத்துல மிதந்துச்சு..." குரங்கு பாதியில் நிறுத்தியது. அது யார் சேர்த்து வைத்த விதை என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றே அது சபைக்கு வந்து சாட்சி சொன்னது. யானை வெட்கித் தலைகுனிந்து, இழந்த தீனி முழுவதையும் கொடுத்தது. வேறொரு நல்ல பொந்தையும் தேடித் தந்தது. குட்டிகள் வயிறாரத் தின்றன.

அப்போது மேலே கிளி பறந்தது. "சேதி தெரியுமா? அணிலுக்கு மறுபடியும் கிடைச்சிருக்காம்!"

குரங்கு கையிலிருந்த விதையைக் குறிபார்த்து அதன்மேல் எறிந்தது.

குற்றம் செய்தவன் அரசுக்குக் கட்டும் அபராதம் வேறு, நஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கும் ஈடு வேறு. இது தெரியாமல் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள், இழந்தவனை இன்னொரு முறையும் இழக்க வைக்கிறார்கள்.