தலைவர் கேட்ட அரண்மனை

கீழப்பொட்டலில் தோண்டியபோது கிடைத்தது ஓர் உறைகிணறும் கூடை கூடையாகப் பானை ஓடும்தான். அதை வைத்துப் புது அருங்காட்சியகச் சுவரில் பழைய ஊரை வரைந்துகொண்டிருந்தாள் தங்கபுஷ்பம். திறப்பு விழாக்குழுத் தலைவர் வைரவசுந்தரம் தினமும் வந்து உயிரை எடுத்தார். முதலில் யானை கேட்டார். கிணற்றை ஓரமாகத் தள்ளி யானையை வரைந்தாள். பிறகு யானை மேல் ஒரு ராஜாவையும், அவருக்குத் தன் மீசையையும் கேட்டார். அதையும் வைத்துத் தொலைத்தாள்.

“அரண்மனை எங்கம்மா? ராஜா எங்க படுப்பாரு? நாளைக்குத் தொல்லியல் அதிகாரிங்க வர்றாங்க.”

“தோண்டுன இடத்துல அரண்மனை இல்லையே, தலைவரே.”

“தோண்டாத இடத்துல இருந்திருக்கும். வரை, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். காலையில் வந்த தலைவர் அரண்மனையைப் பார்த்துச் சிரித்தார். அதன் பின்னால் நின்ற குன்றைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“இது என்னோட கல்யாண மண்டபம் இருக்கிற இடமாச்சே.”

“ஊர்ல தோண்டாத இடம் அது ஒண்ணுதானே பாக்கி. அதிகாரிங்க பாத்தா இன்னைக்கே கயிறு கட்டி அளந்துருவாங்க.”

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியைத் தானே தூக்கினார்.

விழாவில் அதிகாரிகளுக்கு விளக்கம் சொன்னவரும் அவர்தான்.

“நம்ம ராஜா ரொம்ப எளிமைங்க. கிணத்தடியிலதான் படுப்பாரு.”