பக்கத்து நிலக்காரி

நம்பினால் நம்புங்கள். எங்கள் ஊர் சேர்மன் தர்மலிங்கம், ஊர் நடுவே ஓடும் ஆற்றைப் பாதியாக ஒடுக்கி, மீதியில் கடைத்தெரு கட்டத் திட்டம் போட்டார். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்ததும், நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"ஆத்து நடுவுல எல்லைக்கல்லை நடுடா. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"நட்டுரலாம் ஐயா. ஆனா பக்கத்து நிலக்காரங்க வந்து கையெழுத்துப் போடாம கல் நட முடியாதே?"

"அது யாருடா பக்கத்து நிலக்காரன்?"

"நிலக்காரிங்க. ஆறுதான். சொல்லி அனுப்பியிருக்கேன், ஐப்பசியில வாராளாம்."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊர்க்கூட்டம் சிரித்தது. சேர்மனும் சிரித்தார். "வரட்டும்டா! அவ கையெழுத்துப் போடுற இடத்துலயே கல்லை நடு!"

ஐப்பசியில் ஆறு வந்தது. கடைத்தெருவுக்குக் குறித்த இடத்தையெல்லாம் தாண்டி, கரையோரம் சேர்மன் கட்டியிருந்த புது மாடிவீட்டுக்குள் புகுந்தது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் சுடலைக்கண்ணு போய், கூடத்துச் சுவரில் இடுப்பளவில் படிந்திருந்த சேற்றுத் தடத்தைக் காட்டினான்.

"கையெழுத்து ஆயிருச்சு ஐயா. கல்லை இங்கேயே நடட்டுமா?"

மாடிப்படியில் ஒதுங்கி நின்ற சேர்மன் கும்பிட்டார். "கடைத்தெருவே வேண்டாம்டா. இந்த வீட்டை மட்டும் விட்டுருவாளான்னு கேட்டுச் சொல்லு."

"நீங்களே கேளுங்க ஐயா. இன்னும் கொல்லையிலதான் நிக்கிறா."