கரடியின் பன்னிரண்டு ஆட்கள்

மூங்கிலாற்றின் இக்கரைக் காட்டுக்குக் கரடி பெருநகன் அரசன். அக்கரையில் கழுதைப்புலிகள். எப்போது ஆற்றைத் தாண்டி வருமோ என்று பெருநகனுக்குத் தினமும் கவலை.

அவனிடம் பன்னிரண்டு ஆட்கள் இருந்தார்கள். அதற்கு மேல் வைத்தால் தீனி கட்டுப்படியாகாது. ஆறு ஆள்காட்டிக் குருவிகள் ஒற்றர்கள், பார்த்துவந்து சொல்லும். ஆறு விரியன்கள் கொலையாளிகள். காட்டிய ஆளைக் கடித்துவிட்டு வரும்.

"இந்தக் குருவிங்க கத்துறதைத் தவிர என்னத்தைக் கிழிக்குது?" என்றான் பெருநகன் ஒருநாள். ஐந்து குருவிகளைத் துரத்திவிட்டு ஐந்து விரியன்களைச் சேர்த்துக்கொண்டான். ஆறாவது குருவி மஞ்சக்காலி மட்டும் ஆற்றுமணலில் முட்டைமேல் உட்கார்ந்திருந்ததால் பாவம் பார்த்து விட்டுவைத்தான். அந்த மட்டும் புத்தி இருந்தது!

இரண்டு நாள் கழித்து ஒரு காக்கை வந்தது.

"உங்க தளபதி கோரையன் தினமும் அக்கரைக்குப் போறான். நம்பலைன்னா சுவட்டைப் பாருங்க."

காட்டுப்பன்றி கோரையன் அரசனின் சின்ன வயதுத் தோழன். பெருநகன் போய்ப் பார்த்தான். பன்றியின் குளம்படிகள் நேராக ஆற்றில் இறங்கின. அவனுக்கு நெஞ்சு எரிந்தது. விரியன்களிடம் கேட்டான், "இது நிஜமா?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. யாரைக் கடிக்கணும்னு சொல்லுங்க."

அரசன் சொல்லிவிட்டான். ஒரு விரியன் கோரையன் படுத்திருக்கும் சேற்றுக்குழியைப் பார்த்து ஊர்ந்தது.

அனுப்பிய பிறகு அந்தச் சுவட்டை மறுபடி பார்க்க வந்தான். ஆற்றுமணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் அரசே இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் மஞ்சக்காலி.

அவன் சொன்னான். அவள் பதறிவிட்டாள்.

"ஐயோ, அவர் அக்கரைக்கே போகலையே! கழுதைப்புலிங்க கால் வைக்கிற துறையில, தண்ணிக்கு அடியில பள்ளம் தோண்டுறார். வெளியே தெரிஞ்சா அதுங்க வேற வழி தேடும்னு யார்கிட்டயும் சொல்லலை. அந்தக் காக்கா கழுதைப்புலிங்க போடுற எச்சிலைத் தின்னு வளர்றவன்."

"முன்னாடியே ஏன் சொல்லலை?"

"அஞ்சு பேரைத் துரத்தினீங்க. வாயைத் திறக்கவே பயமா இருந்தது."

பெருநகன் எழுந்து ஓடினான். தடித்த உடம்பு, முட்புதர் வழி, ஓட்டம் போதவில்லை. மஞ்சக்காலி முட்டைகளை விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் பறந்தாள்.

கோரையன் சேற்றில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விரியன் ஒரு சாண் தூரத்தில் தலையைத் தூக்கியது. மஞ்சக்காலி கத்திய கத்தலில் பன்றி துள்ளி எழுந்தான். விரியனுக்கு வாய் நிறையச் சேறுதான் அகப்பட்டது.

மூச்சிரைக்க வந்துசேர்ந்த பெருநகன் விரியனை விலகச் சொன்னான். தோழனைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று சேற்றிலேயே தொப்பென்று உட்கார்ந்து அழுதான்.

"உன்னைக் கொல்லச் சொன்னது நான்தான்டா."

கோரையன் உடம்பிலிருந்த சேற்றை உதறினான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

அன்று மாலைக்குள் ஐந்து விரியன்கள் வேலையிழந்தன; ஐந்து குருவிகள் திரும்பி வந்தன. பெருநகன் வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

உண்மையைப் பார்த்துச் சொல்பவர்களை விரட்டிவிட்டு அடிப்பவர்களை மட்டும் கூட வைத்துக்கொண்டால், முதல் அடி நம்மைச் சேர்ந்தவர்கள் மேல்தான் விழும்.