கதவுக்கு அந்தப் பக்கம் மல்லிகை

"சாமி, அந்த மல்லிகைச் செடியை வெட்டிப் போட்டுடட்டுமா?"

வந்ததும் வராததுமாகச் செண்பகவல்லி இதைத்தான் கேட்டாள்.

கருத்தப்பாண்டிச் சாமி கண்மாய்க்கரையில் தன் ஓட்டு வீட்டின் முன்னால் உட்கார்ந்து, பழைய குடை ஒன்றுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. செண்பகவல்லிக்கு அறுபத்தொன்று, தபால் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவரிடம் நல்ல வார்த்தை கேட்க வந்து உட்காருகிறாள்.

"ஏன், பூக்கலையா?"

"பூக்குது சாமி. அதுதான் பயமா இருக்கு."

சாமி கம்பியை இழுத்துக் கட்டினார். அவளே சொன்னாள்.

கல்யாணம் காட்சி இல்லாமல் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அக்காளும் தங்கையும். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் அக்கா நாச்சியார் பூப்பறிக்கக் கொல்லைக்குப் போனாள். செடியடிச் சருகில் கண்ணாடி விரியன் கிடந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாலாம் நாள் உயிரில்லாத உடம்பாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்குப் பூட்டிய கொல்லைக் கதவைத் தங்கை பிறகு திறக்கவே இல்லை.

"தண்ணி ஊத்த ஆளில்லை, காஞ்சு போயிடும்னு விட்டுட்டேன். கோடை மழை ரெண்டு பெஞ்சதும் மொட்டு விட்டுடுச்சு. பொழுது சாஞ்சா ஜன்னல் வழியா வாசனை வருது. கை கால் சில்லிட்டுப் போகுது. ஜன்னலைச் சாத்தினேன். துணியை வச்சு அடைச்சேன். அப்பவும் வருது."

"வாசனைக்கா பயப்படுறீங்க?"

அவள் கண்மாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும்னு அக்கா திரும்பிட்டா. நான்தான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு, 'அடியில இன்னும் நாலு இருக்கு பாரு'ன்னேன்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாமி குடையைக் கீழே வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க, போஸ்ட்மாஸ்டரம்மா. வெட்டிடலாம்."

நடக்க நடக்க அவளுக்குத் தெம்பு வந்தது. பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர். இவர் முன்னால் போனால் போதும்.

அவள் வீட்டுக் கொல்லைக் கதவின் பூட்டில் துரு ஏறியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் சாவியைத் திருகினாள்.

கதவு திறந்தது.

ஒரு வருஷத்துச் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதன்மேல் கொன்றை மரம் மஞ்சளாகக் கொட்டியிருந்தது. தரை என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. மதிலோரத்தில், அத்தனைக்கும் அப்பால், மல்லிகை வெள்ளையாக நின்றது.

சாமி வாசற்படியில் நின்றார்.

நின்றவர் நின்றவர்தான்.

"போங்க சாமி."

காலைத் தூக்கினார். மறுபடி அங்கேயே வைத்துவிட்டார். கழுத்தில் வேர்வை வழிந்தது.

"சாமி?"

"எனக்குப் பாம்புன்னா உசிரே போயிடும்மா. சின்ன வயசிலிருந்தே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. உதடு வெளுத்திருந்தது.

"உங்களுக்குப் பயமே கிடையாதுன்னு இருந்தேனே!"

"யார் சொன்னது?"

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"நீங்க தனியா இந்தக் கதவைத் திறக்க மாட்டீங்களே."

செண்பகவல்லி நின்றாள். சுவரில் சாத்தியிருந்த நீளக் கம்பை எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"என் பின்னாலயே வாங்க. நான் கால் வச்ச இடத்துல மட்டும் வைங்க."

தட்டினாள். ஓரடி வைத்தாள்.

தட்டினாள். இன்னோர் அடி.

பக்கத்தில் சருகு சரசரத்தது.

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அரணையோ, வேறெதுவோ. சத்தம் மதில் பக்கமாகப் போய் நின்றுவிட்டது. சாமி அவள் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

மறுபடி தட்டினாள்.

செடியில் இலை தெரியாமல் மொட்டு. சாமி அரிவாளை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. கம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க தட்டிக்கிட்டே இருங்க."

மேல் கொத்துகளைப் பறித்தாள். பிறகு குனிந்தாள். குனியும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடியில் இருந்ததையும் பறித்தாள்.

திரும்பி வந்து, மடி நிறைய மொட்டோடு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பயம் போகலையே சாமி. காலு இன்னும் நடுங்குது."

சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் மொட்டு வரும். எத்தனை மணிக்கு வரட்டும்?"