தாழையடிப் பானை

மடத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் ஆவுடையப்பனுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகவில்லை. மரக்கடை வைத்து முப்பது வருடம் ஊரோடு மல்லுக்கட்டியவர். இங்கே வந்தாலும் பந்தியில் இருமுகிறவர் ஒருவர், பாராயணத்தில் கொட்டாவி விடுகிறவர் ஒருவர். கடலுக்குள் இருக்கும் ஆளில்லாத தீவுக்குப் போய்க் கடைசிவரை தனியாகத் தவமிருக்க உத்தரவு வேண்டும் என்று உலகம்மையிடம் கேட்டார். உலகம்மைதான் அந்த மடத்துக்குக் குரு. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர்.

"முதல்ல ஒரு நாள் போயிட்டு வாங்க அண்ணாச்சி. அப்புறம் பேசுவோம்" என்றார் குரு.

மறுநாள் விடிந்ததும் வள்ளக்காரர் அவரைத் தீவில் இறக்கிவிட்டுத் திரும்பினார். ஆவுடையப்பன் கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. துறவிக்கு எதற்கு மூட்டை என்ற வீம்புதான். பவளக்கல் காலைக் கிழித்தது, முள்ளுக்காடு வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் ஒரு மனிதக் குரல்கூடக் காதில் விழாத அந்த அமைதியில் ஆள் சொக்கிப் போனார். உச்சி வெயிலில் நாக்கு வறண்டபோதுதான் தாழைப் புதருக்கடியில் கழுத்துவரை மணலில் புதைந்திருந்த பானையைக் கண்டார். மேலே மூடியாக ஒரு கல், பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. உள்ளே நல்ல தண்ணீர்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அங்கே ஈ காக்கை இல்லை, தானும் ஆண்டவனும்தான் என்றார். கேட்காமலே அவன் பானை நிறையத் தண்ணீர் வைத்திருந்தானாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த உலகம்மையின் கை நின்றது.

"பானையில மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"மிச்சம் ஏது அம்மை? குடிச்சது போக, ஆசை தீரத் தலையில ஊத்திக் குளிச்சேன்."

உலகம்மைக்கு முகம் வெளுத்துவிட்டது. படகு கவிழ்ந்து கரை ஒதுங்குகிறவர்களுக்காக மீனவர்கள் வைக்கிற தண்ணீர் அது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நிரப்பிவிட்டுப் போவார்கள். முந்தின நாள் போன ஒரு வள்ளம் இன்னும் கரை திரும்பவில்லை என்று ஆவுடையப்பனைக் கூட்டி வந்த வள்ளக்காரர் சொன்னதும், உலகம்மை கையைக்கூடக் கழுவாமல் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

பொழுது சாய்வதற்குள் மூவரும் தீவில் இருந்தார்கள். பானைக்குப் பக்கத்தில் ஒருவர் குப்புறக் கிடந்தார். கரை திரும்பாத வள்ளத்தில் போன தொம்மை என்று வள்ளக்காரர் அடையாளம் சொன்னார். புரட்டிப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்குப் பேயறைந்தது போலாயிற்று. தொம்மையின் வாய் நிறைய மணல். ஆவுடையப்பன் குளித்த இடத்து ஈர மணலை அள்ளி அள்ளிச் சப்பியிருக்கிறார் அந்த மனிதர்.

உலகம்மை அவர் வாயைத் துடைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். வெகுநேரம் கழித்துத் தொம்மை கண் திறந்தார்.

"எங்கப்பன் காலத்துல இருந்து இந்தப் பானை வத்துனதில்ல. எந்தப் பாவி..."

"நான்தான்" என்றார் ஆவுடையப்பன்.

தொம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். வையவில்லை. இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சிரட்டையைத் தள்ளினார்.

"எனக்குப் போதும். மிச்சத்தப் பானையில ஊத்துங்க. நாளைக்கு எவன் ஒதுங்குவானோ."

செத்துப் பிழைத்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. ஒரு துளி வெளியே சிந்திவிடுமோ என்று பயந்து பயந்து குடத்தைச் சாய்த்தார். ஊற்றி முடித்துக் கல்லை வைத்து மூடியபின் உலகம்மைக்கு முன்னால் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.

"தனியா இருக்க இனிமே உத்தரவு கேக்க மாட்டேன் அம்மை."

"இப்பத்தான் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார் உலகம்மை.