தொடாத வில்

வடக்கே, நார்வே நாட்டில், கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கிற ஒரு துறைமுகப் பட்டினம். அந்த ஊரில் முதல் மீன் கிடங்கு கட்டிய காலத்திலேயே ஓர் இசைக்குழுவையும் தொடங்கிவிட்டார்களாம். கிடங்கு இடிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. குழு மட்டும் நிற்கிறது. அதன் இசைத்தட்டுகள் போகாத தேசம் இல்லை.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஒலிப்பதிவு என்றால் அத்தனை பேரும் பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடுதான் அரங்குக்குள் வருவார்கள். ஒரு பூட்ஸ் லேசாக முனகினால் போதும், அதுவும் தட்டில் ஏறிவிடும். அன்றைக்கு வாசலைப் பார்த்தால் கோயில் வாசல் மாதிரி இருக்கும்.

முதல் வயலின்கள் என்னும் முன்வரிசைக்குத் தலைவி போர்கில்ட். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், ஜன்னல் ஓரமாக, எய்விண்ட். வெளியூர்களில் தனியாக வாசித்துப் பரிசெல்லாம் வாங்கியவன். அவரிடம் கற்க வேண்டும் என்றே இங்கே வந்து, ஒரு வருஷச் சோதனைக் காலத்தில் சேர்ந்திருந்தான். இந்த ஒலிப்பதிவு முடிந்ததும் அவன் இருப்பதா போவதா என்று போர்கில்ட் சொல்ல வேண்டும். அந்த ஊரில் குருவையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அன்று எடுத்துக்கொண்டது ஒரு பழைய தாலாட்டு. கடைசியில் முதல் வயலின்கள் மட்டும் மிஞ்சும். மூச்சுக்கு மூச்சு தேய்ந்து, இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத இடத்துக்குப் பாட்டு வந்து சேரும். இதே குழு முன்பொரு தடவையும் இதைத் தட்டில் ஏற்றியிருந்தது. அப்போதும் முதல் நாற்காலியில் போர்கில்ட்தான். சின்னப் பிள்ளையாக அப்பாவின் படகுப் பட்டறையில் அந்தத் தட்டைக் கேட்டுத்தான் எய்விண்ட் வயலினைத் தொட்டான். அந்த இடம் வந்தால் இன்றைக்கும் அவனுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும்.

மூடிக்கொண்டுதான் வாசித்தான். சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"நிறுத்துங்க."

ஒலிப்பதிவு அறையிலிருந்து தாக்ஃபின். ஆள் கண்ணில் படமாட்டார். குரல் மட்டும் வரும், அசரீரி மாதிரி.

"முதல் வயலின்ல ஒரு ஒலி தனியா நீட்டிக்கிட்டு நிக்குது. மறுபடியும்."

மறுபடியும் வாசித்தார்கள்.

"அதே ஆள்," என்றது அசரீரி.

பின்னாலிருந்து வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கும் ஓட்வார் குனிந்தார். "புது மாப்பிள்ளை, பந்தியில எல்லாருந்தான் சாப்பிடணும். இலையை மொத்தமா உங்க பக்கம் இழுத்துக்கிட்டா எப்படி?"

நாலு பேர் சிரித்தார்கள். எய்விண்டுக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்த தடவை வில்லைப் பூப்போல வைத்தான். அப்போதும் அசரீரி விடவில்லை.

"அதே ஆள். மெல்லத்தான் வாசிக்கிறார். ஆனா அதே ஆள். போய்க் காப்பி குடிச்சிட்டு வாங்க."

வெளியே மழை. போர்கில்ட் கோப்பையோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். எய்விண்ட் போய் அருகில் நின்றான்.

"போர்கில்ட், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்தப் பழைய தட்டுல இருக்கே ஒரு ஒலி, அது எப்படி வரும்? நான் எவ்வளவு மெல்ல வாசிச்சாலும் வர மாட்டேங்குது."

அவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பை காலியான பிறகு சொன்னார்.

"இந்தத் தடவை கண்ணைத் திறந்து வெச்சுக்கோ."

"எதைப் பாக்கணும்?"

"திறந்திருந்தா தெரியும்."

ஒலிப்பதிவு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. தாலாட்டு தொடங்கி, தேய்ந்து, அந்த இடத்துக்கு வந்தது. கண் இமை தானாக இறங்கப் பார்த்தது. எய்விண்ட் பிடிவாதமாகத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தான்.

போர்கில்டின் கை போனது, வந்தது. தோள் அசைந்தது. வில் முழு நீளத்துக்கு ஓடியது. வில்லுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

வில் தந்தியைத் தொடவே இல்லை.

எய்விண்டின் கை எங்கேயோ இடறி, வயலின் கீச்சென்றது.

"நிறுத்துங்க," என்றது அசரீரி. "இப்ப யாரோ வழுக்கி விழுந்துட்டாங்க."

எய்விண்ட் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க வில்லு தந்தியைத் தொடலை."

"தொடலை."

"இன்னைக்கு மட்டுமா?"

"இந்த இடத்துல என்னைக்கும் தொட்டதில்லை."

"அந்தத் தட்டுல?"

"அதுலயும்தான்."

இடி விழுந்த மரம்போல உட்கார்ந்திருந்தான் எய்விண்ட். படகுப் பட்டறையில், தார் வாசனையில், கண்ணை மூடிக்கொண்டு அவன் கேட்டது யாரை? யாரை நம்பி வீட்டை விட்டு, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தான்?

"அதுல நான் உங்களைத்தானே கேட்டேன்," என்றான். "உலகமே உங்களைத்தானே கேட்டுச்சு."

"கேட்டுச்சு இல்ல? அப்புறம் என்ன?"

"இது ஏமாத்து இல்லையா, போர்கில்ட்?"

"விளக்கு எரியப்போவுது. வயலினை எடு."

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானா வித்தை? இதற்கா ஒரு வருஷம்? சரி, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். அந்த இடம் வந்ததும் அவனும் வில்லைத் தந்தியிலிருந்து ஒரு நூல் தூக்கினான். கை தன் பாட்டுக்குப் போய் வந்தது. வேலை இல்லாத மனசு ஊர் சுற்றியது. செல்லோ வாசிக்கிற ஒருத்தியின் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்ப்பதைக்கூடக் கவனித்தான்.

"நிறுத்துங்க."

ஒலிபெருக்கி சற்று யோசித்தது.

"நீட்டிக்கிட்டு இருந்தது போயிருச்சு. ஆனா இப்ப ஒரு ஓட்டை விழுந்திருக்கு. முதல் வரிசை, ஜன்னல் பக்கம்."

ஜன்னல் பக்கம் என்றால் எய்விண்ட்தான்.

ஓட்வார் விடவில்லை. "என்ன மாப்பிள்ளை, கோவிச்சுக்கிட்டுப் பந்தியை விட்டே எழுந்துட்டீங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எய்விண்ட் குருவின் பக்கம் திரும்பினான்.

"இத்தனை வருஷமா நீங்க வாசிக்கலை. ஒருத்தருக்கும் தெரியலை. நான் ஒரே ஒரு தடவை வாசிக்கலை. உடனே ஓட்டைங்கிறார். இது என்ன?"

"நீ வாசிக்கிறதை நிறுத்தினே," என்றார் போர்கில்ட். "நான் எப்போ நிறுத்தினேன்?"

விளக்கு எரிந்தது.

எய்விண்ட் கண்ணை மூடவில்லை. பக்கத்தில் அந்த வில் போவதைப் பார்த்தான். அதோடு குருவின் தொண்டை மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தான். கழுத்து நரம்பு ஒவ்வொரு சுரத்துக்கும் துடித்தது. முதுகுக்குப் பின்னால் மற்ற வயலின்கள் எல்லாம் அந்த ஓசையில்லாத வில்லோடு மூச்சு வாங்கி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அப்படியே தேய்ந்து தேய்ந்து, எங்கோ நடுவில், படகுப் பட்டறையில் கேட்ட அதே ஒலி வந்து நின்றது. யாரிடமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

பாட்டு முடிந்தது. விளக்கு அணையும்வரை அங்கே யாரும் அசையக் கூடாது. அணைந்த பிறகும் யாரும் அசையவில்லை.

ஒலிபெருக்கியில் நாற்காலி நகர்வது கேட்டது.

"வந்திருச்சு. வீட்டுக்குப் போங்க," என்றது அசரீரி.

கம்பளிக் கால்கள் பூட்ஸைத் தேடிக்கொண்டு வெளியேறின. எய்விண்ட் எழுந்திருக்கவில்லை. போர்கில்ட் வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"கடைசித் தடவை உன் வில்லு தந்தியைத் தொட்டுச்சா, தொடலையா?"

எய்விண்ட் வாயைத் திறந்தான். வில்லைப் பார்த்தான். தந்தியைப் பார்த்தான். தன் வலது கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொட்டதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

போர்கில்ட் பெட்டியை மூடினார்.

"திங்கட்கிழமை ஒத்திகை இருக்கு," என்றார். "வந்துடு."